ஈறில் வடியும் இரத்தம் யார் கணக்கில்?

பெரட்டுக்களத்தில் பெயர் பதிவது கிராணிமாரின் வேலை. வந்தவருக்கு ஒரு கோடு, வராதவருக்கு ஒரு சுழி. அந்தச் சுழிக்குள் என்ன இருக்கிறது என்று நாம் திறந்து பார்ப்பதில்லை. மாதக் கடைசியில் செக்ரோலைக் கூட்டினால் கணக்கு நேராக இருக்க வேண்டும். நமக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம் அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பால் வெட்டும் பெண்மணி ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. மூன்று சுழி விழுந்தது. பிறகு அவரே ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். ஆறு மாதக் கர்ப்பிணி. முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசினார்.

"கிராணி ஐயா, பல்லு வெளக்கினா வாயெல்லாம் ரத்தமா வருதுங்க. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல செக்கச்செவேல்னு ஒரு சதை வளந்திருக்கு. புத்துநோயா இருக்குமோன்னு ராத்திரியில தூக்கமே இல்லீங்க. டவுனுக்குப் போனேன், அன்னைக்கு நம்பர் முடிஞ்சிருச்சுன்னாங்க. மறுபடியும் போனேன்..."

தோட்டத்து மருந்துக்காரர் வாய் கொப்பளிக்க ஏதோ கொடுத்து, "பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று அனுப்பியிருந்தார். மாமியாரோ, "பிள்ளை பெறுகிறவளுக்குப் பல்லு நிக்குமா?" என்று தம் பொக்கை வாயையே சாட்சிக்குக் காட்டியிருந்தார். லயத்துக்கு வந்துபோகும் வியாபாரி ஒருவர், ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர் போட்ட மாத்திரைப் போத்தலை எண்பது வெள்ளிக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார். மூன்று நாள் கூலி போயிற்று. எண்பது வெள்ளியும் போயிற்று. இரத்தம் மட்டும் நிற்கவில்லை.

நாம் என்ன செய்தோம்? சுழியை அழிக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் நின்ற நாளுக்குச் சம்பளம் இல்லை என்று அந்த அம்மாளிடம் சட்டம் பேசினோம். அந்தச் சட்டத்தையே நாம் முழுதாகப் படித்திருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் நோயைப் பார்ப்போம்.

அந்தச் சிவந்த சதை புற்றுநோய் அன்று. கர்ப்ப காலத்தில் சில பெண்களுக்கு ஈறில் வளரும் ஒரு வகைச் சதைக்கட்டி. தொட்டால் இரத்தம் கொட்டும். பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுக்குப் பின் சுருங்கிவிடும்; சுருங்காததைப் பல் டாக்டர் வெட்டி எடுத்துவிடுவார். ஆனால் இது அந்தக் கட்டிதான், வேறொன்றும் இல்லை என்று உறுதி சொல்லப் பல் டாக்டரின் கண் வேண்டும். மாமியாரின் கண்ணும் கிராணியின் கண்ணும் போதாது.

கட்டி சிலருக்குத்தான். ஈறு வீங்கி இரத்தம் வருவதோ கர்ப்பிணிகளில் மிகப் பலருக்கு உண்டு. நார்வே நாட்டு அறிஞர்களான ஹரால்டு லோ, சில்னஸ் இருவரும் 121 கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்ற 61 தாய்மாரையும் சோதித்து 1963ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்திலிருந்து ஈறு வீக்கம் ஏறத் தொடங்குகிறது. எட்டாம் மாதத்தில் உச்சிக்குப் போகிறது. அதன்பின் இறங்குகிறது என்று கண்டார்கள். கர்ப்பிணியின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரு ஹார்மோன்கள் ஏறுவதை ஒட்டியே இந்த வீக்கமும் ஏறுகிறது.

அப்படியானால் பிள்ளைதான் பல்லைத் தின்கிறதா? மாமியார் சொன்னது சரிதானா? இல்லை. இதைப் பால்மரம் வெட்டும் தோழர்களுக்கு விளக்குவது மற்றவர்களுக்கு விளக்குவதைவிட எளிது.

மரத்துக்கு மருந்து பூசுகிறோம் அல்லவா? எத்தெஃபான் என்ற அந்த மருந்து பட்டைக்குள் போனதும் எத்திலீனை விடுகிறது. எத்திலீன் மரத்தின் சொந்த ஹார்மோன். நமது ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஆபிரகாம், விச்சர்லி, பாக்கியநாதன் ஆகியோர் இந்த மருந்தால் பால் பெருகுவதை 1968ல் வெளியிட்டார்கள். கழகத்தின் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் இருந்தது. அந்த நிலம் பிற்காலத்தில் வீடமைப்புக்குப் போய்விட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தோட்டத்தின் கதைதான் வேறு? அது கிடக்கட்டும். மருந்து பூசிய மரத்தில் பால் சீக்கிரம் உறைந்து அடைபடாமல் நெடுநேரம் வடிகிறது. மங்கு நிரம்பி வழிகிறது. ஆனால் பட்டையை வெட்டியது மருந்தா? வெட்டியது கத்தி. வெட்டாத மரத்தில் எவ்வளவு மருந்து பூசினாலும் மங்கில் ஒரு சொட்டுப் பால் விழாது.

ஈறிலும் அதே கதைதான். அங்கே கத்தியாக நிற்பது பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் கிருமிப் படலம். இரண்டு நாள் விளக்காமல் விட்டு நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வரும், அதுதான். நாள்பட்டால் கல்லாக இறுகும், பற்காறை என்போம். புண் அதனால் உண்டாவது. ஹார்மோன் அந்தப் புண்ணுக்கு இரத்தத்தைத் திறந்துவிடுகிறது. புரோஜெஸ்ட்ரோன் ஈறின் நுண்ணிய இரத்தக்குழாய்களை விரித்துக் கசிய வைக்கிறது. போதாக்குறைக்கு, ஈறுக்கடியில் வாழும் சில கிருமிகள் இந்த ஹார்மோன்களையே உணவாக்கிப் பெருகுகின்றன என்று 1980ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே கர்ப்பம் ஈறு நோயைப் புதிதாக உண்டாக்குவதில்லை. முன்பே இருப்பதைப் பெரிதாக்குகிறது.

இதே லோ 1965ல் வேறொரு சோதனை செய்தார். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் விளக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்கச் சொன்னதும் ஒரு வாரம் போலத் தெளிந்துவிட்டது. நம் பெண்கள் செய்வதோ நேர் எதிர். இரத்தம் வருகிறது என்று பயந்து விளக்குவதை நிறுத்துகிறார்கள். மசக்கையில் பிரஷை வாயில் வைத்தாலே குமட்டுகிறது என்று நிறுத்துகிறார்கள். பிள்ளை பெற்றபின் பல் ஆடும் என்று நிறுத்துகிறார்கள். இரத்தம் வரும் இடத்தில்தான் மெதுவான பிரஷை வைத்து நிதானமாக விளக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? காலை நான்கு மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, ஐந்தரைக்குப் பெரட்டில் நிற்பவரிடம் "நிதானமாக விளக்கு" என்று சொல்வதும் கேலிதான் என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. காலையில் ஓடினாலும் இரவு படுக்குமுன் இரண்டு நிமிடம் கிடைக்கும். செங்கல் தூளும் உமிக்கரியும் வேண்டாம்; அவை பல்லைத் தேய்த்துத் தின்றுவிடும்.

பெண்ணின் வாயில் இந்த ஏற்ற இறக்கம் கர்ப்பத்தோடு முடிவதுமில்லை. வயதுக்கு வரும் பெண்பிள்ளைக்கும் ஈறு சிவக்கும். சிலருக்கு மாதவிலக்கை ஒட்டி இரண்டு மூன்று நாள் வீங்கி வடியும். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு மெலிகிறது, வாய் உலர்கிறது. பல்லைத் தாங்குகிற தாடை எலும்பும் எலும்புதானே. ஐம்பது வயதில் "காத்தடிச்சா பல்லு ஆடுது" என்று சிரிக்கும் நம் அக்காமார்கள், அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே இரத்தம் துப்பத் தொடங்கியவர்கள்.

இனிச் சொல்லப்போவது தோட்டத்து மக்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

ஈறு நோயைப் பற்றி உலகம் முழுவதும் பல் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகச் சொல்லப்படும் ஓர் ஆய்வு உண்டு. அது நடந்தது இலங்கை மலையகத்தில். டன்சினேன், ஹரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில், நம்மைப்போலவே தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த தொழிலாளர் 480 பேரின் வாயை 1970 முதல் 1985 வரை திரும்பத் திரும்ப அளந்தார்கள். தலைமை தாங்கியவர் அதே ஹரால்டு லோ. பல் வைத்தியம் என்பதே எட்டிப் பார்க்காத மக்கள், பிரஷ் அறியாதவர்கள், ஆனால் சொத்தைப் பல் அநேகமாக இல்லாதவர்கள். ஈறு நோயைத் தன் போக்கில் விட்டால் எப்படிப் போகும் என்று பார்க்க அவர்களைப்போல் வேறு யார் கிடைப்பார்கள்? ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்லோ நகரத்துப் படித்தவர்கள் 565 பேரையும் 1969 முதல் அளந்தார்கள்.

முடிவு 1986ல் வெளிவந்தது. தோட்டத் தொழிலாளரில் 100க்கு 8 பேருக்கு நோய் குதிரை வேகத்தில் ஓடியது. அவர்கள் 35 வயதில் 12 பல்லை இழந்தார்கள். 40ல் 20 பல். 45ல் வாயில் ஒன்றும் இல்லை. 81 பேருக்கு நடுத்தர வேகம்; அவர்கள் 45 வயதில் சராசரி 7 பல்லை இழந்திருந்தார்கள். மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 2010ல் மறுபடி போய்த் தேடினார்கள். 480 பேரில் 75 பேரைத்தான் சோதிக்க முடிந்தது. ஒரு பல்லும் இழக்காதவரும் இருந்தார், 28 பல்லை இழந்தவரும் இருந்தார், சராசரி 13. காறையை எடுப்பதும் படலத்தைத் துடைப்பதும் ஈறு வீக்கத்தை அடக்குவதும்தான் பல்லைக் காப்பாற்றும். முப்பது வயதுக்கு முன்பே கவனிக்க வேண்டும். புகைப்பதை விட வேண்டும் என்று 2017ல் எழுதினார்கள்.

இதில் நம்மை உறுத்துவது ஒன்று உண்டு. அந்த 480 பேரும் ஆண்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கூடை சுமந்து கொழுந்து பறிப்பவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். மலையகத்துத் தேயிலை அவர்கள் விரல் நுனியில் நிற்கிறது. 1963ல் கர்ப்பிணியின் ஈறில் ஹார்மோன் செய்யும் வேலையைக் கண்டுபிடித்தவரே, 1970ல் தோட்டத்துக்கு வந்தபோது ஆண்களை மட்டும் அளந்தார். ஆண்களுக்குத்தான் கடுமையான ஈறு நோய் அதிகம் என்று பல நாட்டுக் கணக்கும் சொல்கிறது, உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து பிள்ளை பெற்று, ஐந்து முறை ஈறு வீங்கி, ஐந்து முறையும் பல் டாக்டரைப் பார்க்காத ஒரு தோட்டத்துப் பெண்ணின் வாய் 45 வயதில் எப்படி இருக்கும் என்பது அந்தப் புகழ்பெற்ற கணக்கில் ஏறவே இல்லை. அங்கேயும் சுழிதான். நம் செக்ரோலில் நாம் போட்ட சுழியைப்போல.

நமது நாட்டுக் கணக்குக்கு வருவோம். மலேசியாவில் 2010ல் எடுத்த தேசியப் பல் நல ஆய்வில், சொந்தப் பல் உள்ள பெரியவர்களில் 100க்கு 94 பேருக்கு ஏதாவதொரு ஈறுக் கோளாறு இருந்தது. 18 பேருக்கு மேல் கடுமையான நிலை. அந்த 94 பேரும் தோட்டத்தில் இருப்பவர்கள் அல்லர். கோலாலம்பூரில் குளிர்சாதன ஆபீசில் இருப்பவரும் அதில் உண்டு. ஆனால் ஆபீசில் இருப்பவர் பத்து நிமிடத்தில் பல் டாக்டரிடம் போவார். தோட்டத்தில் இருப்பவர் அதற்கு ஒரு நாள் கூலியை வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இங்கே வெற்றிலையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலும் பூக்கடைப் பக்கம் போனால் வெற்றிலைக் கவுளியைப் பார்க்காமல் வர முடியாது. கல்யாணத்துக்கு வெற்றிலை, சாமிக்கு வெற்றிலை. அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியச் சோற்றின்மேல் பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்துக் கொடுக்கிறோமே, அதைப் பற்றிப் பேச வேண்டும். வெற்றிலையில் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறது, ஆகவே நல்லது என்று சொல்பவர்கள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். தனி இலையில் இருக்கலாம். பாக்கோடு சுண்ணாம்பு சேர்ந்த இடத்தில் காரம் ஏறி, பாக்கின் துவர்ப்புச் சத்தே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து, சதையை அரிக்கும் பொருள்களாக மாறுகிறது. வாயில் போட்ட காவல்காரனே திருடனாகிறான். புகையிலை இல்லாவிட்டாலும் வெற்றிலைப் பாக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ல் வெளியிட்ட நூலில் திட்டமாகச் சொல்லிவிட்டது. இந்த நாட்டில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்துப் பெண்களைவிட இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படுவதும் பலகாலமாகத் தெரிந்த செய்தியே.

இன்னொரு தீமையையும் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். வெற்றிலை போடுகிறவர் துப்புவது சிவப்பு. அதில் ஈறின் இரத்தம் எது, பாக்கின் சாறு எது என்று அவருக்கே தெரியாது. நோய் பல ஆண்டு மறைந்தே வளர்கிறது.

இனி அந்த எண்பது வெள்ளி மாத்திரை.

ஆன்டிஆக்சிடன்ட் என்பது நமக்கு அந்நியமான பொருளே அன்று. ஆபீஸ் அலமாரியில் பழைய செக்ரோல் கட்டை எடுத்துப் பாருங்கள். கட்டிய ரப்பர் வளையம் பிசுபிசுத்துத் தாளோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் அறும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைத் தின்றுவிட்டது. இதைத் தடுக்கத்தான் டயர் செய்பவர்கள் ரப்பரோடு ஆன்டிஆக்சிடன்ட் சேர்க்கிறார்கள். பாலிலேயே இயற்கையாக வைட்டமின் ஈ வகையைச் சேர்ந்த பொருள்கள் உண்டு. அவையும் இந்தக் காவல் வேலையைத்தான் செய்கின்றன. மருந்தை அளவுக்கு மேல் பூசி, ஓய்வில்லாமல் வெட்டிய மரம் பட்டை காய்ந்து பால் நின்றுபோகிறதே, அங்கேயும் உள்ளே நடப்பது இதுதான்: காவலை மீறி ஆக்சிஜன் அரிப்பு மிகுந்து, பால் குழாய்க்குள்ளேயே பால் உறைந்துவிடுகிறது.

ஈறிலும் கிருமியைக் கொல்ல இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் ஆக்சிஜனையே ஆயுதமாக வீசுகின்றன. சண்டை சிறிதானால் கிருமி சாகும். ஆண்டுக்கணக்கில் நீண்டால் சொந்தச் சதையும் எலும்பும் சேர்ந்து அழியும். ஈறு நோய் உள்ளவர்களின் ஈறு நீரில் ஆன்டிஆக்சிடன்ட் பலம் குறைந்திருப்பதை இங்கிலாந்தில் பர்மிங்காம் ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். வைட்டமின் சி அறவே இல்லாவிட்டால் ஈறு அழுகும் என்பது கப்பலோட்டிகள் காலத்திலேயே தெரியும். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 1747ல் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து நோயாளிகளைத் தேற்றினார்.

அவ்வளவும் உண்மை. ஆனால் மாத்திரை வியாபாரி அந்த உண்மையில் பாதியை மட்டும் எடுத்துப் போத்தலில் அடைக்கிறார். கத்தி பட்டையில் கிடக்கும்வரை காவல் பொருளை எவ்வளவு ஊற்றினாலும் காயம் ஆறாது. காறையை எடுக்காமல் மாத்திரை விழுங்குவது, ஓட்டை வாளியில் பாலை ஊற்றிவிட்டுத் தராசில் எடை தேடுவதைப் போன்றது. மேலும், கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்பது நமது நாட்டு உணவுப் பரிந்துரை. நூறு கிராம் கொய்யாப் பழத்தில் இருநூறுக்கு மேல் இருக்கிறது. லயத்துக் கொல்லையில் நிற்கும் கொய்யா மரமும் முருங்கை மரமும் எந்த வியாபாரிக்கும் கமிஷன் கொடுப்பதில்லை. அதனால்தான் அவற்றுக்கு விளம்பரம் இல்லை. பத்தியம் என்று சொல்லிப் பிள்ளை பெற்றவளுக்குப் பழத்தையும் கீரையையும் நிறுத்துகிற வீடுகளில் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த அம்மாள் எண்பது வெள்ளி கொடுத்ததற்கு நாம் அவரைக் குறை சொல்லவில்லை. பல் டாக்டர் கிடைக்காத இடத்தில் போத்தல்தான் கிடைக்கும்.

கர்ப்பிணி பல் வைத்தியம் செய்துகொள்ளலாமா என்ற அச்சமும் பலருக்கு உண்டு. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் தடுப்பார். "இப்போது வேண்டாமே" என்று கணவரும் இழுப்பார். அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2006ல் வந்தது. கர்ப்ப காலத்தில் காறை எடுத்து ஈறுக்கு வைத்தியம் செய்ததால் தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கு வரவில்லை, ஈறு தேறியது. வைத்தியம் செய்தால் குறைமாதப் பிரசவம் குறையும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அது நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். தாயின் பல்லைக் காக்கத் தாயின் பல் என்பதே போதுமான காரணம். நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம். வலியோ சீழோ இருந்தால் எந்த மாதமும் காத்திருக்க வேண்டாம்.

நிற்க. சட்டத்துக்கு வருவோம்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவு நோய் விடுப்பைப் பற்றியது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்துக்கு மேல் 22 நாள், சம்பளத்தோடு. இதை எல்லாக் கிராணிமாரும் அறிவோம். ஆனால் அதே பிரிவில் பல் டாக்டர் சோதித்துக் கொடுக்கும் எம்.சி.யும் இந்த நாட்களுக்குள் செல்லும் என்று எழுதியிருக்கிறது. இதை எத்தனை கிராணிமார் படித்திருக்கிறோம்? விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால்தான் அனுமதியில்லாமல் நின்ற கணக்கு. அந்த அம்மாளிடம், "டாக்டரைப் பார்த்தீர்களா? எம்.சி. வாங்கினீர்களா? வாங்காவிட்டால் அடுத்த முறை எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த முறையாவது கூலி நின்றிருக்கும். நாம் சொல்லவில்லை. நாமும் சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்தாம்.

பிரசவ விடுப்பு 60 நாளாக இருந்தது, 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாயிற்று. அது தொழிற்சங்கங்கள் நெடுநாள் கேட்டது, வரவேற்கிறோம். ஆனால் ஈறு வீங்குவது பிள்ளை பிறந்த பின்பு அல்ல. இரண்டாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரை. அந்த மாதங்களில் அவர் நிரையில் நிற்கிறார், கையில் உளியும் தோளில் வாளியுமாக.

அரசாங்கப் பல் மருத்துவப் பிரிவு கர்ப்பிணிகளை முன்னுரிமைக்கு உரியவர்களாக வைத்திருக்கிறது. தாய் சேய் கிளினிக்கில் பெயர் பதிந்து கர்ப்பிணிப் புத்தகம் வாங்கும்போதே "பல்லையும் பார்க்க வேண்டும்" என்று தாதியிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். சங்கடம் எங்கே வருகிறதென்றால், வயிற்றைப் பார்க்க ஒரு நாள், பல்லைப் பார்க்க வேறொரு நாள் என்று இரண்டு நாளாகும்போது. காப்பாரிலிருந்தோ பந்திங்கிலிருந்தோ உள்ளே பத்து மைல் தள்ளியிருக்கும் தோட்டத்துக்காரர் முதல் நாளைத் தாங்குவார். இரண்டாம் நாளை விட்டுவிடுவார். விடுவது பல்லைத்தான்.

ஆகவே எமது கிளையில் நாம் கொண்டுவரப்போகும் தீர்மானத்தை இங்கே சொல்லிவிடுகிறோம். கர்ப்பிணித் தொழிலாளி கிளினிக்குக்குப் போகும் நாளிலேயே பல் நாற்காலியும் கிடைக்கும்படி மாவட்டப் பல் மருத்துவ அதிகாரியிடம் சங்கம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அது முடியாத தோட்டங்களுக்கு நடமாடும் பல் மருத்துவக் குழுவை வரவழைக்க வேண்டும். பால் நிறுத்து முடித்துப் பெண்கள் லயத்துக்குத் திரும்பும் பிற்பகலில் வர வேண்டும், காலை பத்து மணிக்கு வந்து "ஆள் இல்லை" என்று எழுதிக்கொண்டு போகக்கூடாது. அடுத்த கூட்டு ஒப்பந்தம் பேசும்போது, கர்ப்ப காலத்தில் பல் சோதனைக்கு ஒரு நாள் முழுச் சம்பளத்தோடு, நோய் விடுப்பில் கழிக்காமல், தனியே கேட்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஒரு கர்ப்பத்துக்கு ஒரு நாள். இதனால் எந்தக் கம்பெனியும் திவாலாகாது.

அந்த அம்மாளைப் பற்றிக் கேட்பீர்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. சதைக்கட்டியும் சுருங்கிற்று, மருந்துக்காரர் தாம் சொன்னதுதான் பலித்தது என்று பெருமைப்பட்டார். ஆனால் காறையை யாரும் எடுக்கவில்லை. அடுத்த பிள்ளைக்குப் பிறகு கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடி விழுந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

கிராணித் தோழர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் செக்ரோலில் இந்த மாதம் கர்ப்பமாக இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் எத்தனை பேர் பல் டாக்டரைப் பார்த்தார்கள் என்று அவர்களிடமே, வெட்கப்படாதபடி, ஆயாக்கொட்டகை அம்மாளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், இரண்டு எண்கள் போதும். அவற்றைத் தோட்டத்தின் பெயரோடு உங்கள் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். மாவட்டப் பல் மருத்துவ அதிகாரியிடம் போகும்போது அந்தத் தாளை நாம் கையில் எடுத்துப் போவோம்.